ரீலுக்குள் ஒரு சிவப்புச் சொட்டு

என் மனைவி உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவாள். "கொஞ்சம் உட்காரேன்" என்றால், "நாள் பூரா உட்கார்ந்துதானே வேலை பாக்கறேன்" என்பாள்.

அது உண்மைதான். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பழுதுபார்க்கும் மேசை இருபத்தாறு வருஷம் அவளுடையதாக இருந்தது. ஆனால் அங்கேயும் உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் மேசைமேல் இருக்கிற பொடித் திருகாணிகள் தட்டுக்குள் குதிக்கும். கடை முதலாளி அவளுக்கு வைத்த பெயரே திருகாணி. "திருகாணி, இந்தப் பெரியவருக்கு மூக்குப்பட்டை கழண்டுபோச்சாம், பாரு." அவள் தலை நிமிராமலே கையை நீட்டுவாள். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி திரும்பிப் போகும்.

அவளுடைய மேசையில் எப்போதும் ஒரு குப்பி சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கும். நகத்துக்கு அல்ல. அவள் நகங்கள் ஒட்ட வெட்டியே இருக்கும். கண்ணாடியின் காலைப் பிடித்திருக்கும் திருகாணி, மடக்கி விரித்து மடக்கி விரித்துத் தானாகவே கழன்றுவிடும். அதனால் முறுக்கி முடித்ததும் உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு சொட்டு வைப்பாள். காய்ந்தால் திருகாணி அசையாது. நிறமில்லாததை வாங்கினால் என்ன என்று முதலாளி கேட்டாராம். "நிறமில்லாம வச்சா, வச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை வைப்பேன்" என்றாளாம். அவள் கை அப்படி. சும்மா இருக்கத் தெரியாத கை.

அப்படிப்பட்டவள் பதினோரு வருஷம் பழுதுபார்க்காமல் வைத்திருந்த பொருள் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பீரோவின் அடித்தட்டில், துணிப்பையில், அவள் அப்பாவின் தூண்டில் ரீல்.

மாமனார் மலையடிவாரத்து நீரேற்று நிலையில் பம்பு ஓட்டுகிற வேலையில் இருந்தவர். அங்கே வேலை பார்த்துவிட்டுப் போன பொறியாளர் ஒருவர் அவருக்கு ஒரு தூண்டில் கம்பையும் ரீலையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புழு மாட்டிக் கரையில் காத்திருக்கிற தூண்டில் இல்லை அது. கொக்கியில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, அதை ஓடுகிற தண்ணீர்மேல் வீசி வீசி மீனை ஏமாற்றுவது. அதற்கு நூல் சுற்றி வைக்கிற ரீலை ஃப்ளை ரீல் என்பார்கள். காத்திருக்கத் தேவையில்லை, கை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கலாம். மகளுக்கு அது ஏன் பிடித்துப்போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமனார் இடது கையால் சுற்றுகிறவர். மகளும் அப்படியே. மகனுக்கு வலது கை. அந்த மகன்தான் என் மச்சான், அவளைவிட ஆறு வயது மூத்தவர், பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து டிக்கெட் எடுக்கிற குரல் அவருக்கு.

மாமனார் இறந்து, பம்பு நிலையத்து வீட்டைக் காலி செய்த நாளில்தான் சண்டை. பாத்திரம், கட்டில், மேசை எல்லாம் அரைமணி நேரத்தில் பிரிந்துவிட்டன, ஒரு பேச்சு இல்லை. சுவரில் மாட்டியிருந்த தூண்டிலுக்கு வந்ததும் இரண்டு பேரும் கையை வைத்தார்கள்.

"நீ மீனைப் புடிச்சு என்னடி பண்ணப் போற? கண்ணாடி மாட்டிவிடப் போறியா?" என்றார் மச்சான்.

"நீ டிக்கெட் கிழிக்கப் போறியா அதுக்கு?" என்றாள் இவள்.

அவர் கம்பைப் பிடித்து இழுக்க, இவள் ரீலைப் பிடித்து இழுக்க, கம்பின் வளையத்திலிருந்து ரீல் கழன்று சிமெண்டுப் படியில் விழுந்தது. விளிம்பு நசுங்கியது. கைப்பிடிக் குமிழ் உடைந்தது. உள்ளே ஏதோ கலகலவென்றது. அவர் கம்போடு போனார். இவள் ரீலோடு வந்தாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். இடையில் பேச வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான். நான் ஒரு டெலிபோன் நிலையம் மாதிரி அந்தக் குடும்பத்தில் வேலை பார்த்தேன்.

ஒரு நாள் அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "மாப்ளே, வீட்டைக் காலி பண்றேன். என் மகள்கிட்டயே போய் இருக்கப் போறேன். அடுத்த மாசம் கடைசி திங்கக்கிழமை விமானம். அங்க ஆறும் கிடையாது, மீனும் கிடையாது. அப்பா கம்பை என்ன செய்யறதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க."

படித்துக் காட்டினேன். தட்டோடு ஜன்னல் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்கிட்ட கேக்க வாய் இல்லையாமா அவருக்கு?"

"உனக்கு இருக்கா?"

தட்டை வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, துணிப்பையை எடுத்தாள். "கம்போட ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வரச் சொல்லுங்க. அவர் கிளம்பறதுக்கு முந்தின நாள். ரீல் ஓடும்னு சொல்லுங்க."

"ஓடுமா?"

"ஓடும்."

ஐந்து வாரம் இருந்தது. உடைந்த ரீலோடு அவர் முன்னால் போய் நிற்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஓடவில்லை என்றால் ஆற்றுக்கே வர மாட்டாள். அவர் விமானம் ஏறிவிடுவார். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியாகிவிட்டது.

சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்து ரீலைப் பிரித்தாள். அன்றுதான் அதன் உள்பக்கத்தை நான் பார்த்தேன். கையகல வட்டு ஒன்றில் நூல் சுற்றியிருக்கும். வட்டின் முதுகில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதன்மேல் படுகிற மாதிரி, வட்டைத் தாங்கும் சட்டத்தில் கடலைப்பருப்பு அளவு முக்கோணப் பல் ஒன்று, அதை அழுத்திப் பிடிக்க வளைந்த ஸ்பிரிங் தகடு ஒன்று. வட்டு சுற்றும்போது பல் ஒவ்வொரு பள்ளமாகத் தட்டிக்கொண்டு போகும், கிர்ரென்று சத்தம் வரும். மீன் இழுத்தால் பல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதனால் வட்டு தலைதெறிக்க ஓடாது. சட்டத்தில் இப்படி இரண்டு பற்கள் உண்டு. ஒன்று இடது கையால் சுற்றுகிறவருக்கு, மற்றது வலது கையால் சுற்றுகிறவருக்கு. ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஒதுங்கி நிற்கும்.

விழுந்ததில் உடைந்தது இடது பல். அதன் ஸ்பிரிங்கும் போயிருந்தது. வலது பல் பழைய கிரீஸில் புதைந்து புதுசு மாதிரியே இருந்தது.

"அப்புறம் என்ன, அதைத் திருப்பி வச்சா ஓடிடுமே" என்றேன்.

"அது அண்ணன் பக்கத்துப் பல்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. நான் தொடமாட்டேன்."

உண்மையாகவே தொடவில்லை. சட்டம் முழுவதையும் பஞ்சால் துடைத்தவள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டாள். பாதி பளபளப்பு, பாதி பழைய அழுக்கு. பாகம் பிரித்த வீடு மாதிரி இருந்தது.

நசுங்கிய விளிம்பை மரக்கட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து மெல்ல மெல்லத் தட்டி நேராக்கினாள். ஸ்பிரிங்கை அவளே செய்தாள். கடையில் யாரோ விட்டுப்போன உடைந்த ஃப்ரேமின் ஸ்டீல் காலைச் சீவி, வளைத்து, நாலாவது முயற்சியில் சரியாக வந்தது. குமிழும் பல்லும்தான் செய்ய முடியாதவை. கடல் தாண்டி எங்கோ ஒருவர் பழைய ரீல்களைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கிறார் என்று எங்கள் மகள் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவருக்கு எழுதினோம். அவரும் அனுப்பிவிட்டதாக எழுதினார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவளுக்கும், அவளால் எனக்கும். தபால்காரர் வரும் பதினொரு மணிக்குக் கடையிலிருந்து போன் வரும். "வந்துச்சா?" சாயங்காலம் வாசல் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பாள். பார்சல் எங்கே இருக்கிறதென்று பார்க்கும் பக்கத்தை என் கணினியில் திறந்து வைத்து, சமையல் நடுவே ஈரக்கையோடு வந்து பொத்தானைத் தட்டுவாள். "நேத்தும் இங்கதான் இருந்துச்சு, இன்னைக்கும் இங்கயே இருக்கு. படுத்துத் தூங்குதா?" அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் தளர்ந்த கதவு, ஆடும் நாற்காலி, சொட்டும் குழாய் என்று ஒன்று மிச்சமில்லை. என் மூக்குக்கண்ணாடியை மட்டும் ஐந்து தடவை முறுக்கினாள்.

மூன்றாவது வாரம் பார்சல் வந்தது. குமிழ் சரி. பல் ஒரு சுற்றுப் பெரிசு.

அவள் கத்தவில்லை. சன்னமான அரத்தை எடுத்துக்கொண்டு பால்கனியில் நின்றாள். அரைமணி நேரம் தேய்த்தாள். முனை மழுங்கிப்போய் பல் வீணாகிவிட்டது. "அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அது முதல் தடவை. மறுபடி எழுதினோம், இம்முறை உடைந்த பல்லைக் காகிதத்தில் வைத்து வரைந்து அளவு குறித்து. வியாபாரி மன்னிப்புக் கேட்டு இன்னொன்றை அனுப்பினார். அது வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். நடுவில் ஒரே ஒரு நாள்.

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டாள். கூடத்தில் உட்கார்ந்து, ஆம், உட்கார்ந்து, பல்லைப் பொருத்தினாள். புது நூலைச் சுற்றினாள். இழுத்துப் பார்த்தாள். கிர்ர்ர்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு என்னை இழுக்கச் சொன்னாள். பிறகு மகளைப் போனில் கூப்பிட்டு அவளுக்கும் இழுத்துக் காட்டினாள்.

அப்படியே பையில் போட்டிருந்தால் போதும்.

ஞாயிறு காலை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆறு மணிக்கே தயாராகிவிட்டாள். பத்து நிமிஷம் இருந்தது. பத்து நிமிஷம் அவள் கை சும்மா இருக்குமா? ரீலை மறுபடி பிரித்தாள். உள்ளே அவள் பழுதுபார்த்த பக்கத்தில் மூன்று திருகாணி. கைப்பையிலிருந்து சிவப்புக் குப்பியை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு வைத்து, மூடி, துணிப்பைக்குள் போட்டாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை. கண்ணாடியில் திருகாணி அசையக்கூடாது. இந்த மூன்றில் ஒன்றைச் சுற்றியோ, ஒரு பல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆற்றங்கரைக்கு எங்களுக்கு முன்னாலேயே மச்சான் வந்திருந்தார். பாறைமேல் கம்பு, உறையோடு. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனும் தங்கையும் மூன்றடி இடைவெளியில் நின்றார்கள்.

"மாப்ளே, உங்க வீட்டம்மா டீ குடிப்பாங்களான்னு கேளுங்க."

"குடிச்சுட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்க."

"ரீல் ஓடுதான்னு கேளுங்க."

"கம்பு உளுத்துப்போகாம இருக்கான்னு முதல்ல கேளுங்க."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கம்பை நீட்டினார். இவள் ரீலை அதன் வளையத்துக்குள் செலுத்தி இறுக்கினாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக இருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நூலைக் கம்பின் கண்களில் கோக்க இழுத்தபோது கிர் என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. தண்ணீர் இரைச்சல் என்று நினைத்தோம்.

முழங்கால் ஆழத்துக்கு இறங்கி வீச ஆரம்பித்தாள். முதல் நாலைந்து வீச்சு தாறுமாறு. கரையிலிருந்து மச்சான் தொண்டையைச் செருமினார். பிறகு கைக்கு நினைவு வந்துவிட்டது. நூல் அவள் தலைக்கு மேலே நீளமாகப் போய்ப் போய் வந்தது. பூச்சி பாறை நிழலில் இறங்கியது. தண்ணீரில் ஒரு குழி விழுந்து மூடியது. கம்பு வளைந்தது.

"விடாத! விடாதடி!" என்று கத்தினார் மச்சான். அவர் நேராக அவளிடம் பேசிவிட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை.

மீன் ஓடியது. ரீல் சத்தமே இல்லாமல் சுற்றியது. பிடிப்பாரில்லாத பம்பரம் மாதிரி சுற்றியது. மீன் நின்ற பிறகும் வட்டு நிற்கவில்லை. நூல் உள்ளே கொத்துக்கொத்தாகப் புடைத்து, சிக்கி, இறுகி, படீரென்று அறுந்தது.

"பதினோரு வருஷம் வச்சிருந்து இதைத்தான் செஞ்சியா?"

"ஐயோ, நேத்து ஓடுச்சு! ஏங்க, நேத்து ஓடுச்சுல்ல? சொல்லுங்க!"

கரையேறி, பாறைமேல் என் கைக்குட்டையை விரித்து, கொண்டையில் செருகியிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை உருவினாள். சிக்கலை அறுத்தெடுத்து, வட்டைக் கழற்றினாள். இடது பல் ஒரு பக்கம் சாய்ந்தபடி, பல்சக்கரத்துக்கு முகம் கொடுக்காமல், அப்படியே ஒட்டி நின்றது. அதன் அடியில் சிவப்பு.

மச்சான் குனிந்து பார்த்தார். "என்னடி இது, ரத்தமா?"

"நெயில் பாலிஷ்."

"எது?"

"நெயில் பாலிஷ்! கழண்டுபோகக் கூடாதுன்னு வச்சேன்."

அவர் இன்னும் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. "அப்பா ரீலுக்கு நகச்சாயம்! மாப்ளே, உதட்டுச்சாயம் ஏதும் கொண்டுவந்திருக்காளா பாருங்க!" பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். அசையவில்லை.

"சூடு பட்டா இளகுமோ என்னவோ. டீயை ஊத்திப் பாரு."

"சக்கரை போட்டதா?"

"மூணு கரண்டி."

"ஊத்து, ஊத்து. எறும்பு வந்து மீன் புடிச்சுக் குடுக்கும்."

அவரும் ஊற்றப் போனார், இவளும் தடுத்தாள், கொஞ்சம் என் கைக்குட்டையில் கொட்டியது. அதற்குள் இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த தண்ணீர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு சட்டத்தின் மறுமூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொடாமல் விட்ட மூலை. சிவப்பு படாத ஒரே மூலை. வலது பல் கிரீஸுக்குள் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, கை மட்டும் அசையாமல் இருந்தது. அந்தக் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

விரல் நுனியால் அந்தப் பல்லைத் திருப்பிச் சக்கரத்தின்மேல் படிய வைத்தாள். மிச்ச நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வட்டை மாட்டினாள். கைப்பிடி வலது பக்கம் வரும்படி ரீலைத் திருப்பிக் கம்பில் இறுக்கினாள். நூலை இழுத்தாள். கிர்ர்ர்.

"இந்தா" என்று அண்ணனிடம் நீட்டினாள். "இனிமே உன் கைக்குத்தான் ஓடும்."

அவர் வாங்கவில்லை. சட்டையில் இரண்டு கையையும் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு வாங்கினார்.

சாயங்காலம் வரை இரண்டு பேரும் தண்ணீரில் நின்றார்கள். அவர் வீசினார், இவள் பக்கத்தில் நின்று திட்டினாள். விரல் நீளத்தில் ஒரு மீன் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டார்கள். இருட்டுகிற சமயத்தில் வண்டிக்குப் பக்கத்தில் மறுபடி சண்டை. அதே இரண்டு பேர், அதே கம்பு, ஆனால் இந்தத் தடவை தள்ளிவிடுகிற சண்டை.

"நீயே வச்சுக்கோ. எனக்கு அங்க ஆறு இல்ல."

"உன் கைக்கு மாத்தியாச்சு. எனக்கு எதுக்கு?"

கடைசியில் இரண்டையும் அவர்தான் எடுத்துக்கொண்டு போனார். இவள் அந்த இடது பல்லைத் திருகாணியோடு கழற்றித் தன் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டாள். "சுத்தம் பண்ணி அனுப்பறேன்" என்றாள்.

அனுப்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் போன் வரும். "எங்கடி என் பல்லு?" "அனுப்பறேன், அனுப்பறேன், பல்லில்லாத கிழவனுக்கு என்ன அவசரம்?" அங்கிருந்து ஒருமணி நேரம் பேச்சு, பாதி திட்டு. நடந்தபடியே பேசுவாள், கூடத்துக்கும் பால்கனிக்குமாக. பாலிஷை அழிக்கிற ரிமூவர் ஒரு சொட்டு விட்டால் ஒரு நிமிஷ வேலை. ஊரார் கண்ணாடியையெல்லாம் உடனுக்குடன் சரிசெய்கிறவள் இதை ஏன் செய்யவில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"செஞ்சு அனுப்பிட்டா அப்புறம் எதைச் சொல்லிப் போன் பண்ணுவாரு?"

பதினாலு மாதம் அந்தப் போன் வந்தது. பிறகு ஒரு காலை, கடை மேசையில், ஒரு குழந்தையின் கண்ணாடியை முடித்து வைத்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கால் ஆட்டம் நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்ததென்று முதலாளி சொன்னார்.

மச்சான் வந்தார், பத்து நாள் இருந்தார், போனார். ஞாயிறன்று போன் செய்வதை நிறுத்தவில்லை.

"மாப்ளே, அந்தப் பல்லு இருந்தா அனுப்புங்களேன். இடது கையால சுத்திப் பழகிப் பாக்கறேன். எனக்கு வேற என்ன வேலை?"

போன வாரம் அதைத் தேடி எடுத்துவிட்டேன். மூக்குப்பட்டைகள் போட்டு வைக்கிற டப்பாவில் இருந்தது. கடலைப்பருப்பு அளவு. ஒரு பக்கம் சிவப்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. அவள் குப்பியில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. ரிமூவரும் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்றைக்கும் போன் வந்தது. "கிடைச்சுதா மாப்ளே?"

பல் என் உள்ளங்கையில் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து பால்கனிக்கு நடந்தேன்.

"தேடிக்கிட்டிருக்கேன் மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம், தூரத்தில், அவர் கைக்குப் பக்கத்தில், கிர்ரென்று ஏதோ சுற்றியது.

"மெதுவாத் தேடுங்க" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை கேக்கறேன்."